கோணிச் சாக்கில் தொடங்கும் பயிற்சி: நாட்டு நாய்க்கு ஷேப்பிங் முறை

மாங்காய்ப் பருவம் தொடங்கிவிட்டால் கிருஷ்ணகிரி வட்டாரத்தில் தோட்டத்து வீடுகளின் வாசல் ஓய்வதில்லை. காய் பறிக்க வரும் ஆட்கள், விலை பேச வரும் வியாபாரிகள், பெங்களூரா காயை மாங்கூழ் ஆலைக்கு ஏற்றிச் செல்லும் டெம்போக்கள் என்று விடியற்காலையிலிருந்தே நடமாட்டம் இருந்துகொண்டே இருக்கும். ஆண்டில் மற்ற மாதங்களில் அமைதியாகக் காவல் இருந்த நாய் இந்தச் சில வாரங்களில் தொண்டை கிழியக் குரைக்கும், வருகிறவர் மீது பாயும், அதனால் பகல் முழுவதும் சங்கிலியில் கட்டப்படும், கட்டிப்போட்டதனாலேயே இன்னும் மூர்க்கமாகும். இராயக்கோட்டைப் பக்கம் உள்ள எங்கள் தோட்டத்தில் மணி என்ற நாட்டு நாய் இரண்டு பருவங்களை இப்படித்தான் கழித்தது. மூன்றாவது பருவத்தில், கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் அது நான்கு முறை குரைத்துவிட்டுத் திண்ணையோரம் விரித்திருந்த கோணிச் சாக்கில் போய்ப் படுத்துக்கொண்டது. அதற்காக நான் அதை ஒரு முறைகூட அடிக்கவில்லை. முதுகை அமுக்கிப் படுக்கவைக்கவும் இல்லை. அந்த ஒரு பழக்கத்தை எப்படிக் கற்பிப்பது என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன். அது கைவந்தால் மற்றவற்றைக் கற்பிக்கும் வழி தானே புலப்படும்.

இதில் இரண்டு கருத்துகள் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒரு செயலைச் செய்தவுடன் நாய்க்கு விருப்பமான ஒன்று கிடைத்தால் அந்தச் செயலை அது மேலும் அடிக்கடி செய்யும். இதற்கு நேர்மறை வலுவூட்டல் என்று பெயர். இங்கே நேர்மறை என்பதற்கு நல்லது என்று பொருளில்லை, ஒன்றைச் சேர்த்துக் கொடுப்பது என்பதே பொருள். மற்றொன்று ஷேப்பிங், அதாவது படிப்படியாக வடிவமைத்தல். முழுச் செயலும் வரட்டும் என்று காத்திராமல், அந்தத் திசையில் நாய் செய்யும் மிகச் சிறிய அசைவுக்கும் கூலி கொடுத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எதிர்பார்ப்பை உயர்த்திக்கொண்டே போவது. கூலி என்ற சொல்லை நான் வேண்டுமென்றேதான் பயன்படுத்துகிறேன். நாய்க்குக் கொடுக்கும் தீனியை லஞ்சம் என்று நினைப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். வேலைக்கு முன்னால் காட்டி ஆசை மூட்டுவது லஞ்சம். வேலை முடிந்த பின் கொடுப்பது கூலி. மனிதர்களுக்கு வாரக் கூலியைச் சனிக்கிழமை மாலை கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடலாம். நாய்க்கு அப்படி முடியாது. செயலுக்கும் கூலிக்கும் நடுவே மூன்று நொடி கடந்துவிட்டால், எதற்காகக் கிடைத்தது என்ற தொடர்பு அதற்கு அறுந்துபோகும்.

இந்தத் தொடர்பை ஆய்வகத்தில் முதலில் அளந்து காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக். கூண்டுப் பெட்டிகளில் பூனைகளை அடைத்து, அவை தாழ்ப்பாளைத் திறக்கக் கற்கும் விதத்தை அவர் 1898-இல் எழுதினார். ஷேப்பிங் என்பதைக் கையால் செய்து பார்த்தவர் மற்றொரு அமெரிக்க உளவியலாளரான பி. எஃப். ஸ்கின்னர். 1943-இல் மினியாபொலிஸ் நகரத்து மாவு ஆலை ஒன்றின் மேல்தளத்தில், அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு புறாவுக்கு மரப்பந்தை அலகால் தள்ளக் கற்பிக்க முயன்றார்கள். பந்தைத் தள்ளும் வரை காத்திருந்து பார்த்தார்கள், எதுவும் நடக்கவில்லை. பிறகு அது பந்தைப் பார்த்தாலே தானியம் கொடுப்பது என்று முடிவு செய்தபோது சில நிமிடங்களிலேயே பந்து பறக்கத் தொடங்கியது. அவருடைய மாணவர்களான கெல்லர் பிரேலாண்டும் மரியன் பிரேலாண்டும் இந்த முறையை ஆய்வகத்திலிருந்து வெளியே கொண்டுவந்தார்கள். தண்ணீருக்குள் இருக்கும் டால்பினின் கழுத்தில் கயிறு கட்ட முடியாது, அதை அடிக்கவும் முடியாது. ஆகவே டால்பின் பயிற்சியாளர்கள் ஊதலையும் மீனையும் மட்டும் நம்பினார்கள். அவர்களுள் ஒருவரான கேரன் பிரையர்தான் பின்னாளில் நாய் வளர்ப்பவர்களிடையே, 'டிக்' ஒலி எழுப்பும் சிறு கருவியைக் கொண்டு பயிற்சி தரும் கிளிக்கர் முறையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர்.

அடையாள ஒலியும் கூலியும்

அந்த ஊதலின் வேலையைப் புரிந்துகொண்டால் பாதிப் பயிற்சி முடிந்தது. நாய் சரியாகச் செய்த அந்த நொடியிலேயே தீனி அதன் வாய்க்குப் போய்ச் சேராது. நீங்கள் கையைப் பைக்குள் விட்டு எடுப்பதற்குள் அது வேறு ஏதோ செய்துகொண்டிருக்கும். ஆகவே "இப்போது செய்தாயே, இதற்குத்தான்" என்று சொல்ல ஓர் ஒலி வேண்டும். கடையில் விற்கும் கிளிக்கர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பொத்தானை அழுத்தினால் 'டிக்' என்னும் பால்பாயிண்ட் பேனா போதும். நாக்கை மேலண்ணத்தில் தட்டி எழுப்பும் ஒலியும் நன்றாக வேலை செய்யும், கையும் காலியாக இருக்கும். ஆனால் வீட்டில் உழவு மாடோ வண்டி மாடோ இருந்து, அவற்றை நாக்கு ஒலியால் ஓட்டுகிறவராக நீங்கள் இருந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள். மாட்டுக்குச் சொன்னது நாய்க்கும் கேட்கும். "சரி", "நல்லா" போன்ற சொற்களும் உதவாது, ஏனென்றால் அவற்றை நாம் நாள் முழுவதும் பேசுகிறோம்.

முதல் நாள் இந்த ஒலிக்குப் பொருள் ஏற்றினால் போதும். ஒலி எழுப்புங்கள், ஒரு துண்டு தீனி கொடுங்கள். இதைப் பதினைந்து இருபது முறை செய்யுங்கள். நாய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒலி எழுப்பினால் சட்டென்று உங்கள் பக்கம் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பினால் ஒலி அதற்குப் புரிந்துவிட்டது. அன்று முதல் ஒரு விதியை மீறக் கூடாது: ஒலி எழுந்தால் கூலி உண்டு, நீங்கள் தவறுதலாக எழுப்பியிருந்தாலும் உண்டு.

தீனியைப் பொறுத்தவரை அளவு மிகச் சிறியதாக இருக்கட்டும். உடைத்த வேர்க்கடலைப் பருப்பில் ஒரு பாதி அளவு போதும். மென்று தின்ன நேரம் எடுக்கும் தீனி பயிற்சியின் ஓட்டத்தைக் கெடுக்கும். உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழி ஈரல், கோழி இறைச்சி, முட்டையின் வெள்ளைக்கரு ஆகியவை சிறந்தவை. வீட்டுக்குள் செய்யும் எளிய பயிற்சிக்கு, முதல் நாள் கிண்டிய கேழ்வரகுக் களியைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி வைத்துக்கொண்டாலே எங்கள் பக்கத்து நாய்கள் வேலை செய்யும். குழம்பிலிருந்து எடுத்த கறித்துண்டு வேண்டாம். வெங்காயம் நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். சாக்லேட்டும் திராட்சையும் நஞ்சு. பழுத்த மாம்பழச் சதையைக் கொஞ்சம் கொடுக்கலாம், ஆனால் கொட்டையை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும் என்பதால் பருவ காலத்தில் கீழே கிடக்கும் கொட்டைகளைப் பொறுக்கிவிடுவது நல்லது. பயிற்சியில் கொடுத்த தீனியை அன்றைய சாப்பாட்டில் கழித்துக்கொள்ளுங்கள். நாயைப் பட்டினி போட்டுப் பயிற்சிக்கு அழைத்து வராதீர்கள். பசியில் தவிக்கும் நாய் உங்கள் கையை மட்டுமே பார்க்கும், யோசிக்காது.

ஒரு தடவைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று தடவை என்ற அளவே போதுமானது. சித்திரை வைகாசியில் காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை வெயில் தாழ்ந்த பின்னும் மட்டும் செய்யுங்கள். நாய் மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. நாக்கு நீண்டு தொங்க இரைக்கும் நாயிடம் பாடம் எடுப்பது வீண்.

சாக்கில் படுக்கக் கற்பித்தல்

கோணிச் சாக்கு ஒன்றை நன்றாக உதறி, வெளிச்சத்தம் குறைந்த ஓர் அறையில் அல்லது கூடத்தில் விரியுங்கள். நாயை உள்ளே விடுவதற்கு முன்பே நீங்கள் ஒரு ஸ்டூலிலோ தரையிலோ உட்கார்ந்துவிட வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. தெருவில் பிறந்து வளர்ந்த நாட்டு நாய்க்கு, ஒரு மனிதர் குனிந்தால் கல்லை எடுக்கிறார் என்றுதான் பொருள். மணி குட்டியாக எங்களிடம் வருவதற்கு முன் எங்கே இருந்தது என்று தெரியாது. ஆனால் நான் தீனியை வைக்கக் குனிந்தபோதெல்லாம் காதுகளைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு இரண்டடி பின்வாங்கும். உட்கார்ந்தபடியே தீனியைத் தரையில் உருட்டிவிடத் தொடங்கிய பிறகுதான் அதன் முதுகு நிமிர்ந்தது. அப்படிப்பட்ட நாயிடம் முதல் வாரத்தில் கையிலிருந்து வாங்கித் தின்னச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

இனி ஒன்றும் சொல்லாதீர்கள், கையை நீட்டிக் காட்டாதீர்கள். நாயின் கண்ணைப் பார்ப்பதை விட்டுச் சாக்கைப் பாருங்கள். நாய் சுற்றும், உங்களை முகரும், கதவைப் பார்க்கும். ஏதோ ஒரு கணத்தில் தலை சாக்கின் பக்கம் திரும்பும். அந்தத் திருப்பமே முதல் படி. ஒலி எழுப்பிக் கூலி கொடுங்கள். ஐந்தாறு முறை இப்படி நடந்ததும் அது சாக்கை வேண்டுமென்றே பார்க்கத் தொடங்கும். அப்போது பார்த்தால் மட்டும் போதாது, ஓர் அடி நெருங்கினால்தான் கூலி என்று மாற்றுங்கள். பிறகு ஒரு கால் சாக்கில் பட வேண்டும், அதன்பின் இரண்டு கால், அதன்பின் நான்கு கால். இந்தக் கட்டத்தில் கூலியைச் சாக்குக்கு வெளியே வீசுங்கள், ஏனென்றால் நாய் அதை எடுக்கப் போய்விட்டுத் திரும்பி வந்தால்தான் அடுத்த முயற்சி பிறக்கும்.

மணியின் முன் இடது பாதம் முதன்முதலில் சாக்கின் ஓரத்தில் பட்டது தற்செயலாகத்தான். நடந்து போகிற போக்கில் ஓரத்தை மிதித்தது. ஒலி கேட்டதும் அந்தப் பாதத்தைத் தூக்கியபடியே அப்படியே நின்றது. கீழே பார்த்தது, என்னைப் பார்த்தது, தீனியைத் தின்றுவிட்டு நேராகத் திரும்பி வந்து அதே ஓரத்தில் அதே பாதத்தை மெதுவாக வைத்துவிட்டு என் முகத்தை நிமிர்ந்து பார்த்தது. நாய் கேள்வி கேட்பதை அன்றுதான் நான் கண்டேன். இந்த முறை மீது எனக்குப் பற்று ஏற்பட்டது அந்த ஒரு பார்வையால்தான். தீனியைக் கையில் பிடித்து மூக்குக்கு முன்னால் நகர்த்திச் சாக்குக்கு இழுத்து வந்திருந்தால் பாதி நேரத்தில் அது ஏறியிருக்கும். ஆனால் அது என் கையைப் பின்தொடரக் கற்றிருக்குமே தவிர, தன் கால் எங்கே இருக்கிறது என்பதைக் கற்றிருக்காது. உட்காரச் சொல்வது போன்ற எளிய செயலுக்கு அப்படி இழுத்துக் காட்டுவதில் தவறில்லை. நாமில்லாத இடத்திலும் நாய் தானே முடிவெடுத்துச் செய்ய வேண்டிய செயலுக்கு ஷேப்பிங்தான் சரி.

நான்கு காலும் சாக்கில் நிலைத்த பிறகு கூலியை வெளியே வீசாமல் சாக்கின் மேலேயே, முன்னங்கால்களுக்கு நடுவில் போடுங்கள். தலை தாழும், முழங்கை மடியும், சில தடவைகளில் உட்காரும், பிறகு படுக்கும். உட்காருவதற்குச் சில தடவை, படுப்பதற்குச் சில தடவை எனக் கூலி கொடுத்து, கடைசியில் படுத்தால் மட்டும் என்று உயர்த்துங்கள். எப்போது உயர்த்துவது என்பதற்கு ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு: பத்து முயற்சியில் எட்டு சரியாக வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். ஐந்துக்கும் கீழே போனால் முந்தைய படிக்கு உடனே இறங்கிவிடுங்கள். இறங்குவதைத் தோல்வி என்று பலர் நினைத்துப் பிடிவாதமாக நிற்கிறார்கள், நாய் படுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. நாய் தவறு செய்கிறது என்றால் நாம் கேட்டது அதிகம் என்பதே எப்போதும் முதல் விளக்கம்.

எதிர்பார்ப்பை உயர்த்தியவுடன் நாய் சற்று எரிச்சல் அடைவது இயல்பு. நேற்று வரை கூலி கிடைத்த செயலுக்கு இன்று கிடைக்கவில்லை என்றதும் அது அதே செயலை இன்னும் வேகமாக, இன்னும் பெரிதாகச் செய்து பார்க்கும். சாக்கைப் பிராண்டும், குரைக்கும், குதிக்கும். இந்தச் சில நொடிகளில்தான் புதிய அசைவுகள் பிறக்கும், அவற்றில் நமக்கு வேண்டியதைப் பொறுக்கி எடுக்க வேண்டும். இங்கேதான் நான் ஒரு பிழை செய்தேன். மணி சாக்கை இரண்டு முறை பிராண்டிவிட்டுப் படுத்தது. நான் படுத்ததற்கு என்று நினைத்து ஒலி எழுப்பினேன், ஆனால் என் ஒலி ஒவ்வொரு முறையும் பிராண்டல் முடியும் கணத்திலேயே விழுந்துகொண்டிருந்தது. ஒரு வாரத்துக்குப் பின் பார்த்தால் பிராண்டாமல் படுப்பதே இல்லை. சாக்கு நூல் நூலாகப் பிரிந்துவிட்டது. அதைச் சரிசெய்ய, பிராண்டாமல் வெறுமனே நிற்பதற்குக் கூலி என்ற படிக்கு இறங்கி அங்கிருந்து மறுபடி ஏறி வர ஒன்பது நாள் ஆயிற்று. உங்கள் ஒலி எங்கே விழுகிறது என்பதை அறிய, செல்போனைச் சுவரில் சாய்த்துவைத்து ஒரு தடவை வீடியோ எடுத்துப் பாருங்கள்.

சொல்லைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். நாய் சாக்கைக் கண்டதுமே போய்ப் படுக்கும் நிலை வந்த பிறகு, அது கிளம்பும் கணத்துக்குச் சற்று முன்னால் அந்தச் சொல்லைச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அது "சாக்கு". எந்தச் சொல்லானாலும் வீட்டிலுள்ள எல்லோரும் அதையே சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் இது சிறிய செய்தி அல்ல. ஒரே வீட்டில் பாட்டி தெலுங்கில் "கூர்ச்சோ" என்பார், பக்கத்துத் தோட்டத்தார் கன்னடத்தில் "கூத்கோ" என்பார், பள்ளி செல்லும் பிள்ளை "சிட்" என்பான். நாய்க்கு மூன்றும் வெவ்வேறு சத்தங்கள். எல்லோரும் ஒப்புக்கொள்ளும் சொல் அமையாவிட்டால் கைச்சைகை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நாய்கள் சொல்லைவிடச் சைகையை எளிதாகப் பிடித்துக்கொள்கின்றன.

பிறகு கூடத்திலிருந்து திண்ணைக்கு, திண்ணையிலிருந்து கேட் தெரியும் இடத்துக்குச் சாக்கை நகர்த்துங்கள். படுத்திருக்கும் நேரம், நீங்கள் நிற்கும் தூரம், சுற்றுப்புறக் கவனச்சிதறல் ஆகிய மூன்றில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் உயர்த்த வேண்டும்; ஒன்றை உயர்த்தும்போது மற்ற இரண்டையும் தளர்த்த வேண்டும். முதலில் வீட்டாரில் ஒருவர் கேட்டைத் தொட்டு நிற்பார், பிறகு தாழ்ப்பாளை அசைப்பார், பிறகு திறப்பார், பிறகு பைக்கில் வருவார். மணிக்கு டெம்போவின் ஹாரன் வரை வந்து சேர இரண்டரை மாதம் ஆயிற்று. அது குரைப்பதை நான் முழுதாக நிறுத்தவில்லை. காவல் நாய் நான்கு முறை குரைத்துச் செய்தி சொல்வது நியாயம்.

அடிப்பதைப் பற்றி

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம், "அடி உதவற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டாம்பா, நாலு போடு, தானா அடங்கும்" என்றார். அடங்கும் என்பது உண்மைதான். கேட்டில் ஆள் வரும்போதெல்லாம் அடி விழுந்தால், ஆள் வருவது வலியின் அறிகுறி என்று நாய் கற்கும். குரைப்பதையும் உறுமுவதையும் அடக்கிக்கொள்ளும், பயம் மட்டும் உள்ளே வளரும். எச்சரிக்கை எதுவும் இல்லாமல் கடிக்கும் நாய்கள் பலவும் இப்படி உருவாக்கப்பட்டவை. போர்ச்சுகலில் 92 நாய்களை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஆய்வொன்றில், தண்டனை முறையில் பயிற்சி பெற்ற நாய்களிடம் மன அழுத்தத்தைக் காட்டும் நடத்தைகளும், பயிற்சிக்குப் பின் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவும் கூடுதலாக இருந்தன. சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டிவைப்பதும் நாயை மூர்க்கமாக்கலாம். வழக்கமாகக் கட்டிவைக்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் தராமல் விடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமும் ஆகும்.

உண்ணி எடுப்பதற்கும் அழைத்தால் வருவதற்கும்

சாக்குப் பயிற்சி முடிந்த நாய்க்கு அடுத்ததாக உள்ளங்கையில் தாடையை வைக்கக் கற்பியுங்கள். கையை ஏந்திப் பிடியுங்கள். மூக்கு தொட்டால் கூலி, தாடை பட்டால் கூலி, ஒரு நொடி இருந்தால், மூன்று நொடி இருந்தால் என்று நீட்டுங்கள். தாடை கையில் இருக்கும்போது மற்றொரு கையால் காதைத் தொட்டு எடுங்கள், பிறகு காதைப் புரட்டுங்கள், பிறகு விரல் இடுக்குகளைப் பிரித்துப் பாருங்கள். நாய் தாடையை எடுத்துவிட்டால் நீங்களும் கையை எடுத்துவிட வேண்டும்; நிறுத்தும் உரிமை தன்னிடம் இருக்கிறது என்று தெரிந்த நாய்தான் அதிக நேரம் இருக்கும். உண்ணி மூலம் பரவும் இரத்த நோய்கள் நம் பக்கத்து நாய்களைக் கொல்லும் என்பதால் இந்தப் பயிற்சிக்குச் செலவிடும் நேரம் எதுவும் வீணல்ல. வெறிநோய்த் தடுப்பூசி போட ஆண்டுதோறும் கொண்டுபோகும்போதும் நான்கு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடிக்க வேண்டியிராது. திடீரென்று கடுகடுப்பாக மாறிய நாயிடமும் தொட்டாலே சீறும் நாயிடமும் முதலில் பயிற்சியைத் தொடங்காதீர்கள். காதில் சீழோ பல்லில் வலியோ இருக்கலாம், கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் காட்டோரம் இருப்பவர்களுக்கு அழைத்தால் வரும் பழக்கம் உயிர் காக்கும் காரியம். யானையைக் கண்டு குரைத்துத் துரத்தப் போகும் நாய், யானை திரும்பினால் நேராகத் தன் ஆளை நோக்கித்தான் ஓடிவரும். யானையும் அதன் பின்னே வரும். ஆகவே காட்டு வாசமே இல்லாத இடத்தில், வீட்டு முற்றத்தில் இரண்டடி தூரத்தில் தொடங்குங்கள். பெயரைக் கேட்டுத் தலை திரும்பினால் கூலி, ஓரடி வந்தால் கூலி, காலடிக்கு வந்தால் ஈரல் துண்டு. பத்தடி, முப்பதடி, மரங்களுக்கு அப்பால் என்று பல வாரங்களில் தூரத்தைக் கூட்டுங்கள். வெளியிடத்தில் தொடங்கும்போது நீளமான நூல்கயிறு ஒன்றைக் கழுத்துப்பட்டையில் கட்டித் தரையில் இழுபட விடுங்கள். அழைத்து வந்தவுடன் கட்டிப்போடுவதுதான் இந்தப் பழக்கத்தைக் கெடுக்கும் முதல் காரணம். பத்து முறை அழைத்தால் ஒன்பது முறை கூலி கொடுத்துவிட்டு மறுபடி போய் விளையாட விட்டுவிடுங்கள். பத்தாவது முறை கட்ட வேண்டியிருந்தால், கட்டிய இடத்திலேயே அன்றைய சாப்பாட்டை வையுங்கள்.